340பி தள்ளுபடி மருந்து: ஃபெடரல் சட்டம் இருக்கும்போது மாநிலங்கள் ஏன் தனிச் சட்டம் போடுகின்றன?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் ஏழை எளியவர்களைப் பார்க்கும் சமூக கிளினிக்குகளுக்கு மருந்து கம்பெனிகள் தள்ளுபடி விலையில் மருந்து தர வேண்டும் என்று 1992-லேயே ஃபெடரல் சட்டம் வந்துவிட்டது. அப்படியிருக்க, ஆர்க்கன்சா, லூசியானா, மிசிசிப்பி என்று மாநிலம் மாநிலமாக அந்தத் தள்ளுபடியைக் காப்பாற்ற இப்போது எதற்குச் சட்டம் போடுகிறார்கள்? ஒவ்வொரு சட்டத்தையும் மருந்து கம்பெனிகள் ஏன் கோர்ட்டுக்கு இழுக்கின்றன?

சுருக்கமான பதில்: தள்ளுபடி விலைக்குச் சட்டம் இருக்கிறது. அந்த விலையில் வாங்கிய மருந்து எந்தக் கடைக்குப் போய்ச் சேரலாம் என்பதைப் பற்றி அந்தச் சட்டம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஒரு சமூக கிளினிக்கின் மருந்துப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் இதில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எதிர்ப்பக்கம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

முதலில் இந்தத் தள்ளுபடி எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1990-க்கு முன்பு, ஏழைகளைப் பார்க்கும் கிளினிக்குகளுக்கும் படைவீரர் மருத்துவமனைகளுக்கும் கம்பெனிகள் தாமாகவே குறைந்த விலையில் மருந்து கொடுத்து வந்தன. 1990-இல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டுக்கு ஒரு தள்ளுபடித் திட்டம் வந்தது. வேறு யாருக்காவது மிகக் குறைந்த விலையில் கொடுத்தால் அந்தச் சலுகையை மெடிகெய்டுக்கும் கொடு என்பது அதன் விதி. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான், ஆனால் விளைவு தலைகீழாகப் போனது. சின்ன கிளினிக்குக்குக் கொடுக்கும் விலையை நாடு முழுவதும் மெடிகெய்டுக்கும் கொடுக்க வேண்டிவரும் என்றால் எந்தக் கம்பெனி கொடுக்கும்? கிளினிக்குகளுக்கு விலை ஏறிவிட்டது. அதைச் சரிசெய்யத்தான் 1992 நவம்பரில் மூத்த புஷ் கையெழுத்திட்ட படைவீரர் மருத்துவச் சட்டத்தில் ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். பொது சுகாதாரச் சட்டத்தில் அது 340பி என்ற பிரிவாக உட்கார்ந்தது. பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

விதி எளிமையானது. உன் மருந்துக்கு மெடிகெய்ட் பணம் தர வேண்டுமா? அப்படியானால் பட்டியலில் உள்ள கிளினிக்குகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் உச்சவரம்பு விலைக்கு மேல் விற்காதே. அந்த உச்சவரம்பு பொதுவாகப் பட்டியல் விலையைவிட கால்பங்கு முதல் பாதி வரை குறைவாக இருக்கும். விலைவாசியைவிட வேகமாக ஒரு கம்பெனி விலையை ஏற்றிக்கொண்டே போனால், கணக்குப்படி அது தர வேண்டிய தள்ளுபடியும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் உச்சவரம்பு பூஜ்யத்துக்கு வந்துவிடும். பூஜ்யத்துக்கு விற்க முடியாது என்பதால் ஒரு சென்ட் என்று வைத்திருக்கிறார்கள். சில இன்சுலின்களைக் கிளினிக்குகள் இப்படி ஒரு சென்ட் கணக்கில் வாங்கியிருக்கின்றன.

இதில் அரசு பணம் எதுவும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். கம்பெனி விட்டுக்கொடுக்கும் லாபம்தான் அந்தத் தள்ளுபடி. எதிர்ப்பு இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு அதுதான் அடிப்படை.

பட்டியலில் யார் யார்? ஃபெடரல் மானியம் பெறும் சமூக சுகாதார மையங்கள், எச்.ஐ.வி. நோயாளிகளுக்கான ரையன் ஒயிட் கிளினிக்குகள், காசநோய் கிளினிக்குகள், பால்வினை நோய் கிளினிக்குகள், ஹீமோஃபிலியா மையங்கள் ஒருபுறம். ஏழை நோயாளிகளை அதிகம் பார்க்கும் பெரிய மருத்துவமனைகள் இன்னொருபுறம். 2010-இல் ஒபாமா காலத்துச் சட்டம் கிராமப்புறச் சிறு மருத்துவமனைகளையும் சேர்த்தது.

சமூக சுகாதார மையம் என்றால் என்ன என்பதற்கு மிசிசிப்பியின் மவுண்ட் பையூவைத்தான் சொல்வேன். ஜாக் கைகர் என்ற மருத்துவரும் கவுண்ட் கிப்சன் என்ற மருத்துவரும் 1960-களின் நடுவில் பாஸ்டனின் கொலம்பியா பாயிண்டிலும், மிசிசிப்பி டெல்டாவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த மவுண்ட் பையூவிலும் இந்த வகையின் முதல் இரண்டு மையங்களைத் தொடங்கினார்கள். மவுண்ட் பையூவில் பசியால் வாடிய குழந்தைகள் வந்தபோது, கைகர் மருந்துச் சீட்டில் உணவை எழுதிக் கொடுத்தார். கடைக்காரர்கள் அந்தச் சீட்டுக்குப் பால், காய்கறி, இறைச்சி எல்லாம் கொடுத்துவிட்டு மையத்தின் மருந்துக் கணக்கில் எழுதினார்கள். இது மருந்துக்கான பணம் ஆயிற்றே என்று அரசு அதிகாரிகள் கேட்டதற்கு, ஊட்டச்சத்துக் குறைவுக்கு மருந்து உணவுதானே என்று பதில் சொன்னார். இன்று இப்படி சுமார் 1,400 அமைப்புகள் இருக்கின்றன, மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வைத்தியம் பார்க்கிறார்கள். பணம் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் அந்த மையத்தின் நோயாளிகளாகவே இருக்க வேண்டும். இந்த மூன்றும் சட்டப்படியான கட்டாயம்.

இப்போது பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். 340பி தள்ளுபடி நேராக நோயாளியின் பில்லில் குறைவது அல்ல, கிளினிக்குக்குக் கிடைப்பது. கணக்குக்காக ஒரு மருந்தை எடுத்துக்கொள்வோம். கிளினிக் அதை 340பி விலையில் 200 டாலருக்கு வாங்குகிறது. நோயாளிக்குத் தனியார் காப்பீடு இருந்தால், அந்தக் காப்பீடு வழக்கமான விலையான 400 டாலரைத் தருகிறது. நடுவில் உள்ள 200 டாலர் கிளினிக்குக்கு. நோயாளிக்குக் காப்பீடே இல்லை என்றால் அதே மருந்தை 200 டாலருக்கோ அதற்கும் குறைத்தோ கொடுத்துவிட்டு, அந்தக் குறையை முதல் நோயாளியால் வந்த பணத்தில் ஈடுகட்டுகிறது. பல் மருத்துவர் சம்பளம், மொழிபெயர்ப்பாளர், சர்க்கரை நோயாளிக்கு உணவு ஆலோசனை சொல்பவர் என்று எந்தக் காப்பீடும் பணம் தராத வேலைகள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் ஓடுகின்றன. சமூக மையங்கள் இந்த வருமானத்தை நோயாளிகளுக்கான பணியில்தான் போட வேண்டும் என்பது அவற்றின் மானிய விதியிலேயே இருக்கிறது. மருத்துவமனைகளுக்கு அப்படி ஒரு கட்டாயம் 340பி சட்டத்தில் இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, கடைப் பிரச்சினைக்கு வருவோம். சின்ன கிளினிக்குகள் பலவற்றுக்குச் சொந்தமாக மருந்துக்கடை கிடையாது. கடை வைக்க உரிமம் வேண்டும், மருந்தாளுநர் வேண்டும், சரக்கில் போட முதல் வேண்டும். சொந்தக் கடை இருந்தாலும் அது ஒரே இடத்தில்தான் இருக்கும். நோயாளி ஐம்பது மைல் தள்ளி இருப்பார். அதனால் ஊரில் ஏற்கெனவே இருக்கும் கடைகளோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்வது வழக்கம். இவற்றைத்தான் ஒப்பந்த மருந்துக்கடை என்கிறோம். திட்டத்தை நடத்தும் ஃபெடரல் அமைப்பான எச்.ஆர்.எஸ்.ஏ. 1996-இல் ஒரு கடை வரை ஒப்பந்தம் போடலாம் என்றது. 2010-இல் எத்தனை கடை வேண்டுமானாலும் போடலாம் என்றது. இரண்டுமே வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல.

உள்ளே எப்படி நடக்கிறது என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. நோயாளி சீட்டோடு கடைக்குப் போகிறார். கடைக்காரர் தன் அலமாரியில் இருப்பதை எடுத்துக் கொடுக்கிறார். இது 340பி மருந்தா இல்லையா என்பது அந்த நிமிடம் அவருக்கே தெரியாது. அன்றிரவோ மறுநாளோ ஒரு மென்பொருள் கடையின் விற்பனைப் பட்டியலையும் கிளினிக்கின் வருகைப் பட்டியலையும் ஒப்பிடும். இவர் நம் நோயாளியா, எழுதியவர் நம் டாக்டரா, மெடிகெய்டில் ஏற்கெனவே தள்ளுபடி வாங்கிய மருந்தா என்றெல்லாம் வடிகட்டும். தேறிய மாத்திரைகள் கணக்கில் சேரும். முப்பது மாத்திரை, அறுபது, தொண்ணூறு என்று சேர்ந்து ஒரு முழு டப்பா ஆனதும், மொத்த விற்பனையாளருக்கு ஆர்டர் போகும். பில் கிளினிக்கின் பெயரில், 340பி விலையில். சரக்கு மட்டும் அந்தக் கடைக்கு. அலமாரியில் இருந்து போனதற்கு ஈடாக அது வந்து உட்காரும். காப்பீடு கொடுத்த பணத்தில் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் கடை கிளினிக்குக்கு அனுப்பும்.

பில் ஒரு இடத்துக்கு, சரக்கு இன்னொரு இடத்துக்கு. இந்த இரண்டாவது கண்ணியைத்தான் கம்பெனிகள் 2020-இல் வெட்டின.

அந்த ஆண்டு கோடையில் எலி லில்லி ஒரு மருந்தில் தொடங்கி, செப்டம்பரில் கிட்டத்தட்ட எல்லா மருந்துகளுக்கும் ஒப்பந்தக் கடைகளுக்கு 340பி விலையில் அனுப்புவதை நிறுத்தியது. அக்டோபரில் ஆஸ்ட்ராசெனகா. சனோஃபி வேறு வழியில் போனது: ஒவ்வொரு விற்பனையின் தகவலையும் நாங்கள் சொல்லும் இணையதளத்தில் ஏற்று, அப்போதுதான் அனுப்புவோம் என்றது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஏதோ ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்துவிட்டன. சொந்தக் கடை இல்லையென்றால் ஒரே ஒரு வெளிக்கடையைத் தேர்ந்தெடுத்துக்கொள் என்பது பலவற்றின் நிபந்தனை. சில கம்பெனிகள் மருத்துவமனைகளை மட்டும் கட்டுப்படுத்திவிட்டுச் சமூக கிளினிக்குகளை விட்டுவைத்தன. எல்லாரும் அப்படிச் செய்யவில்லை. மூன்று மாவட்டங்களில் கிளை வைத்திருக்கும் மையம் ஒன்று ஒரே ஒரு கடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் எந்த ஊரை எடுக்கும், எந்த ஊரைக் கைவிடும்? அதுவும் ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு வேறு விதி. ரத்தத்தை இளக்கும் மருந்துக்கு ஒரு கடை, இன்ஹேலருக்கு இன்னொரு கடை என்று நோயாளியிடம் சொல்ல முடியுமா?

ஃபெடரல் அரசு சும்மா இருக்கவில்லை. 2020 டிசம்பர் 30-இல் இது தவறு என்று சட்டக் கருத்து வெளியிட்டது. 2021 மே மாதம் ஆறு கம்பெனிகளுக்கு விதிமீறல் கடிதம் போனது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2023 ஜனவரியில் மூன்றாவது சர்க்யூட் என்ற வட்டார ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2024 மே மாதம் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றமும் கம்பெனிகள் பக்கம் தீர்ப்பளித்தன. காரணம் நான் முதலிலேயே சொன்னதுதான்: சட்டம் விலையைச் சொல்கிறது, எத்தனை கடைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாத கடமையை அரசு சுமத்த முடியாது. டி.சி. நீதிமன்றம் நியாயமான நிபந்தனைகளை மட்டும்தான் அனுமதித்தது, கம்பெனி என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் கிளினிக்குகளுக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. கிளினிக்குகள் தாமே வழக்குப் போடலாமா என்றால் அதுவும் முடியாது. 2011-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டி தொடுத்த வழக்கில், 340பி விலைக்காகக் கம்பெனிமேல் வழக்குப் போட கிளினிக்குக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

மாநிலங்கள் உள்ளே வந்தது இங்கேதான். முதலில் வந்தது ஆர்க்கன்சா. 2021-இல் அங்கே நிறைவேறிய 1103-ஆம் சட்டம் நேராகச் சொன்னது: 340பி நிலையத்தோடு, அதாவது பட்டியலில் உள்ள கிளினிக் அல்லது மருத்துவமனையோடு, ஒப்பந்தம் வைத்திருக்கும் கடைக்கு அந்த மருந்து போய்ச் சேருவதைக் கம்பெனி தடுக்கக் கூடாது. ஆர்க்கன்சாவுக்கு இதில் முன் அனுபவம் உண்டு. காப்பீட்டுக்கும் கடைக்கும் நடுவில் நிற்கும் மருந்துப் பலன் மேலாண்மை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தி அந்த மாநிலம் போட்ட இன்னொரு சட்டத்தை 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது.

மருந்து கம்பெனிகளின் சங்கமான ஃபார்மா வழக்குப் போட்டது. மாநில அரசோடு சேர்ந்து, ஆர்க்கன்சாவின் சமூக சுகாதார மையங்களின் கூட்டமைப்பும் பிகாட் என்ற சிற்றூரின் மருத்துவமனையும் தாங்களாகவே வழக்கில் நுழைந்து வாதாடின. 2024 மார்ச்சில் எட்டாவது சர்க்யூட் நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. அதன் வாதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபெடரல் சட்டம் மருந்தைக் கொண்டுசேர்ப்பதைப் பற்றிப் பேசவில்லை என்று கம்பெனிகளே மற்ற நீதிமன்றங்களில் சொல்லி வென்றிருக்கின்றன. பேசவில்லை என்றால் அந்த இடம் காலி. மருந்துக்கடைகளை ஒழுங்குபடுத்துவது நெடுங்காலமாக மாநிலங்களின் வேலை. ஆர்க்கன்சா விலையைத் தொடவில்லை, கொண்டுசேர்ப்பதைத்தான் தொட்டது. ஆகவே முரண்பாடு இல்லை. கம்பெனிகளைக் காப்பாற்றிய அதே மௌனம் மாநிலத்துக்கும் இடம் கொடுத்தது. 2024 டிசம்பரில் ஃபார்மாவின் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் மறுத்தது.

அந்த 2024 மார்ச் தீர்ப்புக்குப் பிறகு வேகம் பிடித்தது. லூசியானா 2023-இலேயே போட்டுவிட்டது. 2024-இல் மேற்கு வர்ஜீனியா, மிசிசிப்பி, கான்சஸ், மேரிலாந்து, மினசோட்டா, மிசூரி. 2025-இல் இன்னும் பல: நெப்ராஸ்கா, நியூ மெக்சிகோ, டென்னசி, வெர்மான்ட், மெய்ன், ஹவாய் என்று நீளும். குடியரசுக் கட்சி ஆளும் மாநிலம், ஜனநாயகக் கட்சி ஆளும் மாநிலம் என்ற பேதமே இல்லை. இந்தக் காலத்தில் அப்படி ஒரு விஷயம் கிடைப்பது அபூர்வம். கிராமத்து மருத்துவமனை மூடினால் வாக்காளர் யாரைக் கேட்பார் என்பது எல்லாக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் தெரியும்.

ஆனால் எல்லா நீதிமன்றமும் ஒரே பேச்சு பேசவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் சட்டம் ஒரு மீறலுக்கு 50,000 டாலர் அபராதம் வைத்தது. விற்பனைத் தகவலைக் கேட்கவும் கம்பெனிகளைத் தடுத்தது. 2024 டிசம்பரில் அங்குள்ள ஃபெடரல் நீதிபதி அந்தச் சட்டத்தை இடைக்காலமாக நிறுத்திவைத்தார். கம்பெனி தணிக்கை செய்ய ஃபெடரல் சட்டம் வழி வைத்திருக்கிறது, தகவல் இல்லாமல் எதை வைத்துத் தணிக்கை கேட்பது என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. எனக்குப் பிடிக்காத தீர்ப்புதான், ஆனால் அந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. ஒரே மருந்துக்கு மெடிகெய்ட் தள்ளுபடியும் 340பி தள்ளுபடியும் இரண்டு தடவை போவதை ஃபெடரல் சட்டமே தடுக்கிறது. அது நடக்கிறதா என்று பார்க்கக் கம்பெனிக்கு ஏதோ ஒரு வழி வேண்டும்.

எதிர்ப்பக்கத்தின் நியாயம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2010-இல் சுமார் 1,300 ஆக இருந்த ஒப்பந்தக் கடைகள் 2017-இல் 20,000-ஐ நெருங்கின என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2018-இல் சொன்னது. அதில் பெரும்பகுதி பெரிய சங்கிலிக் கடைகள். அதே அறிக்கைக்காகக் கேட்கப்பட்ட 55 நிலையங்களில் 25, காப்பீடு இல்லாத ஏழைகளுக்கு ஒப்பந்தக் கடைகளில் தள்ளுபடி எதுவும் தரவில்லை. 2023-இல் 340பி விலையில் வாங்கிய மருந்துகளின் மதிப்பு 6,600 கோடி டாலரைத் தாண்டியது. அதில் ஐந்தில் நான்கு பங்குக்கு நெருக்கம் பெரிய மருத்துவமனைகள் வாங்கியது. சமூக சுகாதார மையங்களின் பங்கு மிகச் சிறியது.

மினசோட்டா இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 340பி-யில் வரும் வருமானத்தை ஒவ்வொரு நிலையமும் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டு, 2024-இல் முதல் அறிக்கையை வெளியிட்டது. 2023-ஆம் ஆண்டில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் குறைந்தது 63 கோடி டாலர் நிகர வருமானம். அதில் சுமார் 80 சதவிகிதம், கணக்குக் கொடுத்த நிலையங்களில் 13 சதவிகிதமே ஆன பெரிய மருத்துவமனைகளுக்குப் போனது. ஒப்பந்தக் கடைகளும் கணக்குப் பார்க்கும் நிறுவனங்களும் எடுத்துக்கொண்டது 12 கோடி டாலர், அதாவது வந்த ஒவ்வொரு 100 டாலரிலும் 16.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கம்பெனிகள் காட்டும் உதாரணம் எப்போதும் பணக்கார மருத்துவமனைதான், ஆனால் கட்டுப்பாடு வரும்போது அடி விழுவது டெல்டாவில் இருக்கும் கிளினிக்குக்கு. அதே சமயம் பெரிய மருத்துவமனைகள் சட்டமன்றத்தில் சாட்சி சொல்ல எங்களைத்தான் முன்னால் நிறுத்துகின்றன. எங்கள் நோயாளிகளின் கதையைச் சொல்லித் தங்கள் வருமானத்தைக் காப்பாற்றிக்கொள்கின்றன. சமூக கிளினிக்குகள் இரண்டு பெரிய கைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

அதனால் ஒரு மாநிலச் சட்டம் நல்ல சட்டமா என்று என்னிடம் கேட்டால் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன். ஒன்று, மருந்து கொண்டுசேர்ப்பதைத் தடுக்கக் கூடாது என்ற விதி, விலையைத் தொடாமல் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கோர்ட்டில் நிற்காது. இரண்டு, மினசோட்டா மாதிரி கணக்குக் காட்டும் கடமை. கிளினிக்குகள் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. எங்கள் பணம் எங்கே போகிறது என்பதை நோயாளிகள் இருக்கும் நிர்வாகக் குழுவிடம் ஏற்கெனவே காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பயம் இருந்தால் வேறு இடத்தில்தான் இருக்கும். இதோடு காப்பீடு இல்லாதவருக்கு ஒப்பந்தக் கடையிலும் குறைந்த விலை கிடைக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டால் ஜி.ஏ.ஓ. சுட்டிக்காட்டிய ஓட்டையும் அடைபடும்.

மாநிலங்கள் எப்போதும் கிளினிக்குகளின் பக்கமே நின்றன என்றும் நினைத்துவிட வேண்டாம். கலிஃபோர்னியா 2022 ஜனவரியிலும் நியூயார்க் 2023 ஏப்ரலிலும் மெடிகெய்ட் மருந்துச் செலவை மாநிலமே நேரடியாகக் கொடுக்கும் முறைக்கு மாற்றின. தள்ளுபடியின் பலன் கிளினிக்கிடமிருந்து மாநிலக் கருவூலத்துக்கு இடம் மாறியது. ஈட்டுத்தொகை தருவதாகச் சொன்னார்கள். ஆனாலும் ஒரு கையெழுத்தில் ஒரு கிளினிக்கின் வருடாந்திரத் திட்டமே கலையும் என்பதை அந்த இரண்டு மாநிலங்களின் மையங்கள் நேரில் பார்த்தன.

அடுத்த சண்டை ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தள்ளுபடி விலையில் விற்பதற்குப் பதிலாக, முழு விலையைக் கொடுத்து வாங்கு, தகவலைக் காட்டு, பிறகு வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறோம் என்பது கம்பெனிகள் கேட்கும் புதிய முறை. 2024-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் இதை அறிவித்தபோது ஃபெடரல் அரசு தடுத்தது. 2025-இல் அதே அரசு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பேரம் பேசி விலை குறைத்த பத்து மருந்துகளுக்கு இதைச் சோதனையாக 2026 ஜனவரியில் தொடங்கப்போவதாகச் சொன்னது. தொடங்குவதற்குச் சில நாள் முன்பு மெய்ன் மாநிலத்தில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பெரிய மருத்துவமனை முழு விலையை முன்பணமாகப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். ஒன்றிரண்டு மாதச் செலவுக்குத்தான் கையிருப்பு வைத்திருக்கும் கிளினிக் அதை எங்கிருந்து போடும்? மாநிலச் சட்டங்களில் பெரும்பாலானவை கொண்டுசேர்ப்பதைப் பற்றி மட்டுமே எழுதப்பட்டவை. பணத்தை முன்னால் கேட்பதை அவற்றில் பல தடுக்காது. அடுத்து வரும் மசோதாக்களில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.